அனிமே ஊர்ப்பொதுவான பிறகு: இழந்தது யார், எதை?

அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடங்கள், பற்றி வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்திலிருந்து தினமும் பேருந்தில் மதுரைக்கு வந்து படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் எட்டாம் வகுப்பிலிருந்து அனிமே பார்க்கிறேன். அப்போது எங்கள் பள்ளியில் என்னைத் தவிர யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் தொடரின் 'இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ்க் குரலோடு வந்தபோது மதுரையில் போய்ப் பார்த்தேன். அரங்கு முழுக்க விசில், கைபேசி வெளிச்சம், பாத்திரங்களின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத கூட்டம். என் தங்கை பார்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. என்னைவிடப் பெரிய ரசிகைபோல் பேசுகிறாள். எல்லோருக்கும் பிடித்துப்போனதால் அனிமே கெட்டுவிட்டதா, இல்லை எனக்குத்தான் பொறாமையா?"

தம்பி, பொறாமை கொஞ்சம் இருக்கிறது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொறாமைக்கு அடியில் உண்மையான இழப்பு ஒன்றும் இருக்கிறது. அதற்கும் அரங்கில் விசிலடித்தவர்களுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு என்பதே என் எண்ணம். அனிமேயைச் சுற்றி ரசிகர்கள் செய்துகொண்டிருந்த ஒரு வேலை நம் கையைவிட்டுப் போய்விட்டது. இன்னொரு பக்கம், இந்தப் புகழின் பாரத்தை உடம்பில் சுமக்கிறவர்கள் ஜப்பானில் மேசைக்கு முன் உட்கார்ந்து படம் வரைகிறவர்கள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'கெட்டுப்போய்விட்டது' என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டுவதால்தான், போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகாத கோபம் வீட்டிலிருக்கும் தங்கைமேல் விழுகிறது.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்தபோது 'டெத் நோட்' ஜப்பானில் 2006 அக்டோபரில் தொடங்கி வாரம் ஒன்றாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க இருந்த ஒரே வழி, மதுரை அண்ணா நகரில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய ஒரு பிரவுசிங் சென்டர்தான். கடை மூடும் நேரத்தில் உரிமையாளரிடம் கெஞ்சி, ஒரு கணினியை மட்டும் அணைக்காமல் இரவு முழுவதும் பதிவிறக்கத்தில் விடச்சொல்லி, காலையில் வகுப்புக்குப் போகும் வழியில் சிடியில் எழுதி வாங்கிக்கொள்வேன். நடுராத்திரியில் கரண்ட் போயிருந்தால் பாதிக் கோப்பு மட்டும் கிடைக்கும். அந்தக் கோப்பில் ஆங்கில வசனம் எழுதிச் சேர்த்தவர்கள், உலகின் ஏதோ மூலைகளில் உட்கார்ந்து ஒரு காசும் வாங்காமல் உழைத்த ரசிகர்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை விடமுடியாமல் திண்டாடி, திரையின் மேற்பகுதியில் அடிக்குறிப்பு போடுவார்கள். 'எல்லாம் கெய்காக்குபடியே நடக்கிறது' என்று கீழே வசனம், 'குறிப்பு: கெய்காக்கு என்றால் திட்டம்' என்று மேலே விளக்கம் வந்த ஒரு காட்சி இன்றும் ரசிகர்களிடையே கேலிக்குரியதாக நிற்கிறது. திட்டம் என்றே எழுதித் தொலைத்திருக்கலாமே என்று அன்று நாங்களும் சிரித்தோம். ஆனால் ஜப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்த முதல் ஐம்பது சொற்களை அப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்துதான் பொறுக்கிக்கொண்டேன்.

அந்த ஒரு சிடியை ஏழு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஏழு பேருக்கு மேல் மதுரையில் யாருக்கும் அதில் ஆர்வம் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது. இருந்திருக்கலாம், கண்டுபிடிக்க வழியில்லை. வீட்டில் அதற்கு ஒரே பெயர், பொம்மைப்படம். "மீசை முளைச்சாச்சு, இன்னும் பொம்மைப்படமா?" என்று அப்பா கேட்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொலைக்காட்சியில் வந்த ஜப்பானியத் தொடர்களெல்லாம் குழந்தைகள் அலைவரிசையில்தான் வந்தன. அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. ஜப்பானில் பெரியவர்களுக்கான இதழில் தொடங்கிய ஷின்-சான் இங்கே குழந்தை நிகழ்ச்சியாக ஒளிபரப்பாகி, 2008-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தடைக்குள்ளாகி, பிறகு வெட்டுகளோடு திரும்பி வந்தது.

ஜப்பானிலேயே நிலைமை மரியாதையாக இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 'ஒட்டாகு' என்ற சொல் 1983-இல் ஒரு பத்திரிகைத் தொடரில் இந்த ரசிகர்களைக் கிண்டலடிக்கவே எழுதப்பட்டது. 1989-இல் குழந்தைகளைக் கொன்ற ஒருவன் கைதானபோது அவன் அறையில் குவிந்திருந்த வீடியோ நாடாக்களைச் செய்தித்தாள்கள் படம்பிடித்துப் போட்டன; அதன்பின் பல ஆண்டுகள் அங்கே அனிமே ரசிகன் என்று சொல்லிக்கொள்வதே சந்தேகத்துக்கு இடம்கொடுப்பதாக இருந்தது. ஆகவே எல்லா ஊரிலும் பழைய ரசிகர்களுக்கிடையே இருந்த நெருக்கம், ஒதுக்கப்பட்டவர்களுக்கிடையே உண்டாகும் நெருக்கம். ஒதுக்கல் நீங்கினால் அந்த நெருக்கமும் தளரத்தான் செய்யும். நெருக்கம் மட்டும் வேண்டும், ஒதுக்கல் வேண்டாம் என்று கேட்க முடியாது.

அன்று நாங்கள் நடந்தது திருட்டுப் பாதை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதையே பிறகு ராஜபாட்டையாகிவிட்டது. கிரஞ்சிரோல் 2006-இல் தொடங்கியபோது ரசிகர்கள் உரிமம் இல்லாமல் ஏற்றிய படங்களால் நிரம்பிய தளம். 2009-இல் உரிமம் வாங்கி நேர்வழிக்கு வந்தது. 2021-இல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-இல் இந்தியாவுக்கான மாதக் கட்டணம் 79 ரூபாய்க்கு இறங்கியது. என் ஒரு இரவுப் பதிவிறக்கத்துக்கு ஆன செலவைவிட அது குறைவு. ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்தில் வசனத்தோடு கிடைக்கிறது. இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு 'அந்தக் காலம் போல வருமா' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அந்தக் காலத்தில் பாதிக் கோப்போடு அவர்கள் விழித்திருந்ததில்லை.

ஆனாலும் ஒன்று போய்விட்டது. தேடிக் கண்டடைந்து, பிறருக்கு விளக்கி, பகிர்ந்துகொடுக்கும் பொறுப்பு ரசிகனிடம் இருந்தது. இப்போது அதைத் தளத்தின் பரிந்துரைப் பட்டியல் எடுத்துக்கொண்டுவிட்டது. எட்டாம் வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் பள்ளியில் அறிந்தவர் என்றால், அந்தப் பள்ளியில் அனிமேயின் நூலகர், மொழிபெயர்ப்பாளர், விமர்சகர் எல்லாம் நீங்களே. இன்று அந்தப் பதவிக்கு ஆள் தேவையில்லை. உங்கள் மனத்தில் உறுத்துவது இந்தப் பதவியிழப்புதான் என்று நினைக்கிறேன். தங்கை அதைப் பறித்துக்கொள்ளவில்லை. அவள் வருவதற்கு முன்பே அந்த நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். கையில் வைத்திருப்பதும் நம்முடையது இல்லை என்றாகிவிட்டது. ஃபனிமேஷன் என்ற அனிமே செயலி 2024 ஏப்ரலில் மூடப்பட்டபோது, அமெரிக்காவில் வட்டு வாங்கி அதன் டிஜிட்டல் பிரதியை 'எப்போதைக்கும்' என்று நம்பிப் பதிந்து வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பிரதிகள் இல்லாமல் போயின. என் சிடிகளில் பாதி பூஞ்சை பிடித்துவிட்டன, மீதிப் பாதி இன்றும் ஓடுகின்றன.

தமிழுக்கு வருவோம், ஏனெனில் பழைய ரசிகர்கள் அதிகம் முகம் சுளிப்பது இங்கேதான். 2019 அக்டோபரில் இயக்குநர் மகோதோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததற்கு ரசிகர்கள் இணையத்தில் மனுப்போட்டுக் கேட்டது ஒரு காரணம். மனுப்போட்டுத்தான் ஒரு படத்தைப் பெரிய ஊர்களின் சில அரங்குகளுக்கு வரவழைக்க முடிந்தது. ஆறே ஆண்டில் ஒரு ஜப்பானியப் படம் ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று ஐந்து மொழிகளில் நாடெங்கும் ஓடியது. அதற்கிடையே 2022-இல் சோனி யாய் அலைவரிசை நருட்டோவைத் தமிழிலும் கொண்டுவந்தது. 'சோலோ லெவலிங்' தமிழ்க் குரலில் வந்தது. உங்கள் தங்கை இந்த வாசல் வழியாகத்தான் வந்திருப்பார்.

'மூல ஒலியில் கேட்டால்தான் அனிமே' என்பது ஓரளவு சரி. ஜப்பானில் குரல் நடிப்பு தனிக் கலையாக வளர்ந்த ஒன்று. ஆனால் நாம் இவ்வளவு காலம் பார்த்தது மூல ஒலியும் ஆங்கில எழுத்துமாக என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த ஆங்கிலம் நம்மிடமிருந்து எதைப் பிடுங்கியது என்பது தமிழில் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜப்பானியத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, தமிழிலும் அப்படியே, எதிர்மறையும் கடைசியில்தான். ஒருவன் "உன்னை நான் ஒருக்காலும் மன்னிக்க" என்று இழுத்து, மூச்சுவாங்கி, "மாட்டேன்" என்று முடிக்கும்போது அந்த இடைவெளியில் இருக்கும் பதைப்பைத் தமிழில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆங்கில வசனத்தில் மறுப்பு முதலிலேயே கொட்டிவிடும். அண்ணனைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடாத மொழி ஜப்பானியம். டீமன் ஸ்லேயர் நாயகன் டாஞ்சிரோவின் தங்கை நெசுகோவின் வாயில் 'அண்ணா' என்ற சொல் வரும்போது எந்தத் தமிழ்க் காதுக்கும் அடிக்குறிப்பு தேவையில்லை. மேல்வகுப்பு மாணவனை விளிக்கும் 'செம்பாய்' கூட நம் கல்லூரி வாசலில் 'அண்ணே' ஆகிவிடும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு, அதில் ஒருவன் மரியாதையைத் திடீரென்று கைவிடும் கணம், எல்லாம் நமக்கு உண்டு. (இதைச் சொன்னவுடன் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவின் தமிழ்-ஜப்பானிய உறவுக் கொள்கையை யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இரண்டு மொழிகள் உறவினர்களாக இல்லாமலே ஒரே மாதிரி வாக்கியம் அமைக்க முடியும்.)

இந்த வசதியெல்லாம் இருந்தும் தமிழ் ஒலிப்பதிவு பல இடங்களில் சொதப்புகிறது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாப் பாத்திரமும் ஒரே செய்திவாசிப்புத் தமிழில் பேசுவதும், அமைதியாக இருக்கவேண்டிய காட்சியில் சினிமா பஞ்ச் வசனத்தைச் செருகுவதும் காதில் அறைகின்றன. ஷின்-சானுக்கு அந்தக் குறும்பு பொருந்தியது. சாகக்கிடக்கும் வாள்வீரனுக்குப் பொருந்தாது. இது கூட்டம் சேர்ந்ததால் வந்த கேடு என்று சொல்லமாட்டேன். கூட்டம் சேராவிட்டால் தமிழ் ஒலிப்பதிவே இருந்திருக்காது. கேட்கிறவர்கள் பெருகினால்தான் நல்லதைக் கேட்டு வாங்கவும் முடியும்.

இனி பணத்தைப் பற்றி. ஜப்பானிய அனிமேயின் மொத்தச் சந்தை 2023-இல் சுமார் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது. நீங்களும் நானும் உங்கள் தங்கையும் அந்தப் பாதியில் இருக்கிறோம். அந்தப் பணம் வரைகிறவர்களிடம் போய்ச்சேர்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஒரு தொடர் தயாராவது 'தயாரிப்புக் குழு' என்ற ஏற்பாட்டில்: பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலரும் முதல் போட்டு, பங்குக்கேற்ப லாபத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். வரையும் ஸ்டூடியோ பல சமயம் அந்தக் குழுவில் பங்காளியே இல்லை. பேசிய கூலிக்கு வேலை முடித்துக்கொடுக்கும் ஒப்பந்தக்காரர். தொடர் உலகை வென்றாலும் அவர்களுக்கு அதே கூலிதான். குறைந்த விலைக்குப் படம் கொடுக்கும் வழக்கம் 1963-இல் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' காலத்திலேயே தொடங்கிவிட்டது. முக்கிய அசைவுகளுக்கு நடுவே இட்டு நிரப்பும் படங்களை வரைகிற தொடக்கநிலை ஓவியருக்கு ஒரு படத்துக்கு 200 யென் அளவில் கிடைப்பது நெடுநாளாக நிலவும் கூலி.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முனிச்சாலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்த ஒரு சௌராஷ்டிர அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வரும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். துணியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போவார். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயம் தோய்த்துக் காய்ந்த பிறகு துணியின் இரு ஓரங்களையும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் நடுவில் பொட்டு வைத்த வெள்ளை வளையம் நிற்கும். கூலி முடிச்சுக் கணக்குக்கு. மதுரைச் சுங்குடிக்குப் பேர் பரவியது, 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் தேவை பெருகியபோது சந்தையை நிரப்பியவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் குத்திய புள்ளிகள். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, கடைக்காரரும் சொல்வதில்லை. அந்த அம்மா எப்போதோ நிறுத்திவிட்டார். மகள்கள் யாரும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

அனிமேக்கும் புகழ் செய்வது ஏறத்தாழ இதைத்தான். தேவை பெருகும் வேகத்துக்குக் கை பெருகவில்லை. 2023-இல் 'ஜுஜுட்சு கைசென்' இரண்டாம் பருவம் உலகெங்கும் கொண்டாடப்பட்ட அதே வாரங்களில், அதில் வேலைசெய்த ஓவியர்களே கால நெருக்கடி தாங்க முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஒரு பணிக்குழு, ஜப்பானைப் பற்றிய தன் அறிக்கையில் அனிமே தொழிலின் குறைந்த கூலியையும் நீண்ட வேலை நேரத்தையும் குறிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தனியாள் ஒப்பந்தக்காரர்களைக் காக்கும் சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு ரசிகர்களின் கூச்சல் இல்லாதிருந்தால் இந்த விஷயம் இவ்வளவு வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. 2019 ஜூலையில் கியோட்டோ அனிமேஷனுக்குத் தீவைக்கப்பட்டு 36 பேர் இறந்தபோது உலகெங்குமிருந்து ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். ஓவியர்களை மாதச் சம்பளத்தில் வைத்துச் சொந்தப் பள்ளியில் பயிற்றுவித்த அரிதான நிறுவனம் அது.

எந்தக் கதைகள் படமாகின்றன என்பதிலும் மாற்றம் உண்டு. ஆனால் 'முன்பு கலை, இப்போது வணிகம்' என்ற புலம்பல் வரலாறு தெரியாதவர்களின் புலம்பல். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவுத் தொடர்களைத் தாங்கியது வட்டு விற்பனை. இரண்டு அத்தியாயம் கொண்ட ஒரு வட்டு 6,000, 7,000 யென். அதைச் சில ஆயிரம் தீவிர ரசிகர்கள் வாங்கினால் தொடர் பிழைத்தது. ஆகவே அந்தச் சில ஆயிரம் பேரின் ஆசைகளுக்கு, அவற்றில் சில சொல்லிக்கொள்ளும்படியானவை அல்ல, தொடர்கள் வளைந்துகொடுத்தன. இப்போது கோடிக்கணக்கானோர் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறார்கள். அந்தப் பழைய வளைவு தளர்ந்திருக்கிறது, வேறொன்று வந்திருக்கிறது: எந்த நாட்டிலும் விளக்கமில்லாமல் ஓடக்கூடிய சண்டைக் கதைகளுக்கே பெரிய பணம் போகிறது; வேறு உலகத்தில் மறுபிறவி எடுக்கும் கதைகள் பருவத்துக்குப் பத்து வருகின்றன. 2020-இல் டீமன் ஸ்லேயரின் 'முகென் டிரெய்ன்' படம் ஜப்பானில் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து 'ஸ்பிரிட்டட் அவே'யின் இருபதாண்டுச் சாதனையைத் தாண்டிய பிறகு, தொடரின் நடுக்கதையை அரங்குக்கு எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் பார்த்த 'இன்ஃபினிட்டி காசில்' மூன்று படங்களில் முதலாவது. 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரின் 'இறுதிப் பருவம்' 2020 டிசம்பரில் தொடங்கி 2023 நவம்பரில் முடிந்தது. எங்கள் ஊர் மேம்பால வேலைகூடச் சில சமயம் அதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கிறது.

இனி அந்த விசிலுக்கு வருகிறேன். மதுரைக்காரர் திரையரங்கில் விசிலுக்கு வருத்தப்படுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. 1998-இல் ரஜினியின் 'முத்து' டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியபோது, அங்கே போய் உட்கார்ந்த ஜப்பானியர்களுக்குத் தமிழ் தெரியாது, பண்ணையார் முறை தெரியாது, நம் நட்சத்திர மரபும் தெரியாது. அவர்கள் சரியான ரசிகர்கள்தானா என்று நம் ஊரில் யாரும் தேர்வு வைக்கவில்லை. ஜப்பான்காரனே கொண்டாடுகிறான் என்று பூரித்துப்போனோம். வந்தவர்களில் பலர் தமிழ் கற்றார்கள், சிலர் சென்னைக்கே வந்து முதல் நாள் காட்சி பார்த்தார்கள். விசிலோடு நின்றவர்களும் இருந்திருப்பார்கள். எதிலும் அப்படித்தான். கைபேசி வெளிச்சம் வேறு விஷயம். அதற்கு எந்தப் படத்திலும் மன்னிப்பு கிடையாது.

புதிதாக வருகிறவரை, குறிப்பாகப் பெண்களை, 'அப்படியானால் ஐந்து பாத்திரங்களின் பெயரைச் சொல்' என்று மடக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. உங்கள் கேள்வியில் அதன் சாயல் தெரிந்ததால் சொல்கிறேன். அதை விட்டுவிடுங்கள்.

புகழ் பரவும்போது என்னை உண்மையிலேயே உறுத்துவது வேறு. 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் தங்கள் புகைப்படத்தைப் போட்டு, ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ வரைந்ததுபோன்ற 'ஜிப்லி பாணி' படமாக்குவது ஒரு காய்ச்சல்போல் பரவியது. எங்கள் தெருவில் வளைகாப்புப் படத்தைக்கூட அப்படி மாற்றிப் பார்த்தார்கள். மாற்றியவர்களில் பெரும்பாலோர் ஒரு ஜிப்லி படமும் பார்த்ததில்லை. 2013-இல் வந்த ஜிப்லியின் 'தி விண்ட் ரைசஸ்' படத்தில் கூட்டம் அலைமோதும் ஒரு காட்சி, திரையில் நான்கு விநாடி. அதை எய்ஜி யமமோரி என்ற ஓவியர் ஓராண்டும் மூன்று மாதமும் உட்கார்ந்து வரைந்தார். அச்சுச் சுங்குடி இந்த இடத்தில் முழு வட்டம் வந்துவிட்டது: புள்ளி இருக்கிறது, முடிச்சுப் போட்ட கை இல்லை. உங்கள் தங்கை 'ஒன் பீஸ்' தொடரின் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாலும் அது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அந்தச் சட்டையில் இருக்கும் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடியை 2025 செப்டம்பரில் நேபாளத்து இளைஞர்கள் போராட்டத்தில் பிடித்து நின்றதையும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஆயிரம் அத்தியாயம் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்பதை எனக்குக் காட்டியது ஒரு தையற்கடை. பல ஆண்டுகளுக்கு முன், நருட்டோவில் வரும் அக்காட்சுகி கூட்டத்தின் அங்கி ஒன்று தைக்கவேண்டியிருந்தது. கறுப்புத் துணி, அதில் வெள்ளை விளிம்பிட்ட சிவப்பு மேகம். சாதாரணத் தையற்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் புதுமண்டபத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்முன் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். சல்லடத்தில் வண்ணத்துணி வெட்டி ஒட்டித் தைத்துப் பழகிய கை. அச்செடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சாமிக்கு, தம்பி?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டு, மேகத்தின் வளைவை என்னைவிடத் துல்லியமாக வெட்டினார். போன வருடம் என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு, குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்மாறிவிட்ட அதே கடைக்குப் போனேன். இப்போது அவர் மகன் தைக்கிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அக்காட்சுகியா, டாஞ்சிரோ கட்டம் போட்டதா? கட்டம்னா துணி ரெடியா இருக்கு" என்றார். பேச ஒன்றும் இல்லாமல் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். அங்கி நன்றாகத்தான் வந்தது. அந்த அரைமணி நேரம் மட்டும் இல்லை.

நீங்கள் இழந்ததும் அந்த அரைமணி நேரம்தான். அதைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது. தங்கை பார்த்துக்கொண்டிருப்பவற்றில் குறை கண்டுபிடிப்பதை விட்டு, தளம் அவருக்கு எளிதில் பரிந்துரைக்காத ஒன்றை எடுத்துக்கொடுங்கள். என்னைக் கேட்டால் 2005-இல் தொடங்கிய 'முஷிஷி', 26 அத்தியாயம். சண்டை கிடையாது, மலைக்கிராமங்களில் நடந்துபோகும் ஒரு மனிதன், அவனைப்போன்ற சிலர் மட்டும் காணக்கூடிய விசித்திர உயிர்கள். தமிழ்க் குரலில் வரவில்லை. ஆங்கில எழுத்தின் வேகம் அவருக்குப் பிடிபடாவிட்டால், முதல் ஒன்றிரண்டு அத்தியாயங்களை நிறுத்தி நிறுத்தி நீங்களே தமிழில் சொல்லவேண்டி வரும். அப்போது தலைப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 'முஷி' என்பதைப் பூச்சி என்றால் போதாது, ஆவி என்றால் அதிகமாகிவிடும். நானும் நண்பன் ஒருவனும் 2007-இல் ஒரு மாலை முழுவதும் தெப்பக்குளப் படிக்கட்டில் உட்கார்ந்து இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடி, கிடைக்காமல் எழுந்து வந்தோம். தங்கையிடம் கேட்டுப் பாருங்கள்.